ரோடு நிக்கணுமா, ரயில் நிக்கணுமா? – டிராம் முதல் மெட்ரோ வரை

சென்னையில ஓடுற ரயில்களுக்கு மக்கள் வெச்சிருக்கிற பேர் மூணு. எலக்ட்ரிக் ட்ரெயின், பறக்கும் ரயில், மெட்ரோ. இதுல எது "லைட் ரயில்", எது "ஹெவி ரயில்"னு கேட்டா பலரும் மெட்ரோதான் லைட்டுன்னு சொல்லுவாங்க. பார்க்க வழவழன்னு இருக்கு, பெட்டி கம்மி, ஏசி வேற. தாம்பரம் வண்டிதான் ஹெவி, அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியுதே! :-)

உண்மை என்னன்னா மூணுமே ஹெவி ரயில்தான். இந்த ஊர் கண்ட ஒரே லைட் ரயில் 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோட முடிஞ்சு போச்சு. அதுக்குப் பேர் டிராம்.

"டிராம் போனது பழைய கதை, கொசுவத்தி சுத்த வந்துட்டான்"னு ஓடிடாதீங்க மக்களே. அந்த ஒரு வகை போனதால மத்த மூணும் எப்படிப்பட்ட வேலையெல்லாம் செய்ய வேண்டியதாச்சு என்பதுதான் இந்தப் பதிவு.

முதல்ல பேர் குழப்பம்

லைட் ரயில்னா எடை குறைஞ்ச ரயில்னு அர்த்தம் இல்லை. இன்னிக்கு அமெரிக்க நகரங்கள்ல ஓடுற லைட் ரயில் வண்டி ஒண்ணோட எடை சர்வசாதாரணமா 40 டன்னைத் தொடும். மெட்ரோ பெட்டி ஒண்ணும் கிட்டத்தட்ட அதே எடைதான்.

தண்டவாள அகலமும் அளவுகோல் இல்லை. 1931-ல பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல மின்சார ரயில் வந்தப்ப அது மீட்டர் கேஜ். ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல வெறும் 1000 மில்லிமீட்டர். உலகத்துல பல ஊர்களோட டிராம்கள் 1435 மில்லிமீட்டர் அகலத்துல ஓடுது. அகலமானது லைட்டு, ஒல்லியானது ஹெவி. எப்படி இருக்கு கதை!

"லைட் ரயில்"ங்கிற பேர் நகரப் போக்குவரத்துக்கு நிலைச்சது 1972 வாக்குல, அமெரிக்க மத்திய அரசோட நகரப் போக்குவரத்துத் துறை மூலமா. அங்க டிராமுக்கு "ஸ்ட்ரீட்கார்"னு பேர். ஆனா அந்தப் பேரைக் கேட்டாலே "பழைய காலத்து ஓட்டை வண்டி"ங்கிற நினைப்பு ஜனங்களுக்கு. புதுசா போடப்போற லைனுக்கு புதுப் பேர் வேணும்னு தேடிப் பிடிச்சதுதான் இது. இதுல லைட்டுங்கிறது கொண்டுபோகிற கூட்டத்தோட அளவு, அதுக்குக் கட்டவேண்டிய கட்டுமானத்தோட அளவு. வண்டியோட எடை இல்லை.

இதுக்கும் முன்னாடி இன்னொரு "லைட் ரயில்வே" இருந்தது. 1896-ல பிரிட்டன் ஒரு சட்டம் போட்டு, கிராமப்புறத்துல சிக்கனமா ரயில் போடறதுக்கு விதிகளைத் தளர்த்தினாங்க. மகாராஷ்டிரத்துல பார்சி லைட் ரயில்வேன்னு ஒண்ணு ஓடினதும் அந்தக் காலகட்டம்தான். அதுக்கும் நம்ம கதைக்கும் பேர் ஒத்துமையைத் தவிர சம்பந்தம் இல்லை.

சரி, அப்ப வித்தியாசம் எதுலதான் இருக்கு? எனக்குத் தெரிஞ்ச எளிமையான சோதனை ஒண்ணு சொல்றேன். தண்டவாளத்தை ரோடு குறுக்கே கடக்குற இடத்துல போய் நில்லுங்க. ரயிலுக்காக ரோடு நின்னா அது ஹெவி. ரோட்டோட சிக்னலுக்கு ரயிலும் நின்னா அது லைட். கேட்டைப் போட்டு மணியடிச்சு மொத்த ஊரையும் நிறுத்தி வைக்கிறது, இல்லேன்னா ரோட்டுக்கே வராம மேலயோ கீழயோ போயிடறது ஹெவி ரயிலோட குணம். மாட்டு வண்டி, சைக்கிள், ஆட்டோ நடுவுல தானும் ஒரு வண்டியா போறது லைட் ரயிலோட குணம்.

மத்த வித்தியாசம் பலதும் இந்த ஒண்ணுலேர்ந்துதான் வருது. ரோட்டுல போகணும்னா ரோட்டுக்கு ஏத்த மாதிரி திரும்பணும். டிராம் வண்டி 20, 25 மீட்டர் ஆரத்துல கூட வளைஞ்சு போகும், அதாவது தெருமுனையில திரும்பிடும். நம்ம அகலப்பாதை ரயிலுக்கு அனுமதிக்கப்பட்ட மிகக் கடுமையான வளைவே 175 மீட்டர் ஆரம். தெருமுனையில திருப்பணும்னா நாலு தெருவை இடிக்கணும்.

கரண்ட்டும் அப்படித்தான். தெருவுல தலைக்கு மேல 25,000 வோல்ட் கம்பி கட்ட முடியாது. அதனால டிராமுக்கு 600, 750 வோல்ட்தான் வழக்கம். ஓட்டுற விதமும் வேற. டிராம் ஓட்டுறவர் பஸ் டிரைவர் மாதிரி, முன்னாடி கண்ணுக்குத் தெரியுற தூரத்தை வெச்சு ஓட்டுவார், வேகம் கம்மி. ஹெவி ரயில் டிரைவர் கண்ணை நம்ப முடியாது, ஏன்னா அந்த வேகத்துல பார்த்து பிரேக் போட்டா நிக்காது. சிக்னல்தான் அவருக்குக் கண்ணு. அந்த சிக்னல் இருக்கிறதாலதான் அடுத்தடுத்து வேகமா ரயில் விட முடியுது. தெருவுல ஓடுற லைட் ரயில் ஒரு பக்கமா மணிக்கு சில ஆயிரம் பேரை ஏத்திட்டுப் போகும், தனிப்பாதையும் நல்ல ஏற்பாடும் இருந்தா பதினஞ்சு, இருபதாயிரம். ஹெவி ரயில் மணிக்கு முப்பது, நாப்பதாயிரத்தையும் தாண்டும்.

முக்கியமான ஒண்ணை விட்டுட்டேனே, ஏறி இறங்குறது! இப்ப வர்ற டிராம் வண்டிகளோட தரை, ரோட்டுலேர்ந்து ஒரு அடி உயரம்தான். நடைபாதையிலேர்ந்து அப்படியே உள்ள கால் வெச்சுடலாம். பழைய டிராமுக்குப் படி உண்டு. ஆனாலும் "வீட்டுத் திண்ணையில ஏறி இறங்குற மாதிரிடா"ன்னு எங்க தாத்தா சொல்லுவார். ஹெவி ரயிலுக்கு பிளாட்பாரம் வேணும், பிளாட்பாரத்துக்குப் போக படி வேணும், பாலம் வேணும், டிக்கெட் கேட் வேணும். ரயில்ல ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல ஏறணும்.

1895: உலகத்துக்கே புதுசு

1895 மே 7-ஆம் தேதி மெட்ராஸ்ல மின்சார டிராம் ஓட ஆரம்பிச்சது. இந்தியாவுலயே முதல் மின்சார டிராம் இதுதான். கல்கத்தால அப்ப டிராமைக் குதிரைங்க இழுத்துட்டு இருந்தது, கரண்ட் வந்தது 1902-ல. பம்பாய்க்கு 1907, டெல்லிக்கு 1908. லண்டன் தெருக்கள்லயும் அந்த வருஷம் குதிரை டிராம்தான். நம்ம ஆளுங்க ரயில் விஷயத்துல ஊருக்கு முந்தினது அந்த ஒரு தடவைதான்னு நினைக்கிறேன். :-)

ஆரம்பத்துல மின்சாரம் தலைக்கு மேல வரல. தண்டவாளங்களுக்கு நடுவுல, ரோட்டுக்கு அடியில கால்வாய் மாதிரி ஒரு குழி தோண்டி அதுக்குள்ள மின்கடத்தி வெச்சாங்க. கம்பம் நட்டு ஊரை அசிங்கப்படுத்த வேணாம்னு பல நாட்டுலயும் செஞ்ச ஏற்பாடு. ஆனா மெட்ராஸ் ஐப்பசி மழையைப் பத்தி அந்த இன்ஜினியர்களுக்கு யாராவது சொல்லியிருக்கணும். ரோட்டுல தண்ணி நிக்கிற ஊர்ல ரோட்டுக்கு அடியில கரண்ட்! சில மழைக்காலம் பார்த்ததுமே அதைத் தூக்கிப் போட்டுட்டு தலைக்கு மேல கம்பி இழுத்தாங்க.

மவுண்ட் ரோடு, பாரிமுனை, பூந்தமல்லி நெடுஞ்சாலைன்னு ஊரோட முக்கியமான ரோட்டுல எல்லாம் தண்டவாளம் பதிச்சாங்க. 1921-ல உச்சகட்டத்துல இருந்தப்ப 24 கிலோமீட்டர் பாதையில 97 வண்டி. எண்ணிக்கையைப் பாருங்க. பாதையோட நீளத்தை வண்டியால வகுத்தா, கால் கிலோமீட்டருக்கு ஒரு வண்டி. எல்லாமே ஒரே நேரத்துல ரோட்டுல இருக்காதுன்னு வெச்சுக்கிட்டாலும், காத்திருக்க வேண்டிய நேரம் ரொம்ப இல்லை. இதுதான் லைட் ரயிலோட பலமே. ஒரு வண்டியில கொஞ்சம் பேர், ஆனா அடிக்கடி வண்டி, பக்கத்துல பக்கத்துல நிறுத்தம்.

1931: ரெண்டும் சேர்ந்து இருந்த காலம்

தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856-ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடுக்குப் போச்சு. ஆனா ரயிலை நகரத்துக்குள்ள அன்றாட வேலைக்குப் போய்வர்ற வண்டியா மாத்தினது 1931-தான். சவுத் இண்டியன் ரயில்வே பீச்–தாம்பரம் மின்சார ரயிலை அந்த வருஷம் விட்டாங்க. 29 கிலோமீட்டர், 1500 வோல்ட். பம்பாய்ல 1925-ல மின்சார ரயில் வந்து ஆறே வருஷத்துல.

இது ஊரையே தெக்குப் பக்கமா இழுத்துட்டுப் போச்சு. அப்ப மாம்பலம் பக்கம் இருந்த ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் உருவாகிட்டு இருந்த சமயம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம்னு தூரத்துல குடியிருந்துகிட்டு ஜார்ஜ் டவுனுக்கு வேலைக்கு வர்றது சாத்தியமாச்சு. இந்த வேலையை டிராம் ஒருநாளும் செஞ்சிருக்க முடியாது. தெருவுல மணிக்கு 12, 15 கிலோமீட்டர்ல போற வண்டிக்கு பீச்சிலேர்ந்து தாம்பரம் ரெண்டு மணி நேரப் பயணம். தூரத்துக்கு ஹெவி ரயில்தான், அதுல ரெண்டாவது பேச்சே இல்லை.

ஆனா அந்த ரயில்ல வந்து எழும்பூர்லயோ பூங்கா ஸ்டேஷன்லயோ இறங்கினவர், வெளிய வந்தா ரோட்டுலயே டிராம் இருந்தது. 1931-லேர்ந்து 1953 வரைக்கும் 22 வருஷம் இந்த ஊர்ல ரெண்டு வகையும் ஒண்ணா ஓடுச்சு. தூரத்துலேர்ந்து கொண்டாந்து விட ஒண்ணு, தெருத்தெருவா இறக்கி விட ஒண்ணு.

1953: தண்டவாளம் மட்டும் போகல

டிராமுக்கு எதிரா சொன்னதெல்லாம் உலகம் பூரா ஒரே மாதிரி. நடுரோட்டுல போகுது, மத்த வண்டிக்கு இடைஞ்சல். நடுரோட்டுல இறங்குறவங்க மேல வண்டி மோதும். மழை பெஞ்சா தண்டவாளப் பள்ளத்துல சைக்கிள் சக்கரம் மாட்டும். எதுவும் பொய் இல்லை.

கணக்குலயும் ஓட்டை இருந்தது. டிராம் கம்பெனி தன்னோட தண்டவாளத்தையும் கம்பியையும் தானே பராமரிக்கணும். பிரிட்டன்ல 1870-ல வந்த டிராம் சட்டப்படி தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற ரோட்டையும், ரெண்டு பக்கமும் ஒன்றரை அடி ரோட்டையும் கம்பெனிதான் செப்பனிடணும். அதே ரோட்டுல வந்த பஸ்காரனுக்கு அந்தச் செலவே கிடையாது. டிராம் போட்ட ரோட்டுல ஓடி டிராமோட பயணியைத் தூக்கிட்டுப் போனான்.

மெட்ராஸ்ல 1947-ல அரசாங்கமே பஸ் விட ஆரம்பிச்சது. டிராம் கம்பெனி தனியார், நஷ்டம் ஏறிக்கிட்டே போச்சு. ராஜாஜி முதலமைச்சரா இருந்த 1953-ல, ஏப்ரல் 12-ஆம் தேதி டிராம் நின்னது. கிட்டத்தட்ட 58 வருஷ ஓட்டம். நாம மட்டும் செஞ்ச காரியம்னு சொல்ல முடியாது. லண்டன் முந்தின வருஷம்தான் நிறுத்தியிருந்தாங்க. டெல்லி 1963, பம்பாய் 1964. கல்கத்தாவும் மெல்போர்னும் அடம்பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. கல்கத்தாவுலயும் தேய்ஞ்சுகிட்டே வந்து, ஒரு சின்னப் பகுதி தவிர மத்ததை நிறுத்தப்போறோம்னு 2024-ல அந்த மாநில அரசு சொல்லிடுச்சு.

பஸ் இருக்கே, அப்புறம் என்ன கவலைன்னு கேக்கலாம். நியாயம்தான். ஆனா தண்டவாளம் இருக்கிற ரோட்டுக்கும் பஸ் மட்டும் போற ரோட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. தண்டவாளம் ரோட்டுல ஒரு பங்கைக் கேட்டு வாங்கி வெச்சிருக்கு. அதை எடுத்துட்டா அந்தப் பங்கு பஸ்ஸுக்குப் போகல, காருக்கும் பைக்குக்கும் போச்சு. 1953-ல நாம இழந்தது வண்டியை விட அந்த இடத்தைத்தான்.

பறக்கும் ரயில்: இடம் இருக்கிற பக்கம் போன ரயில்

1980-கள்ல அனுமதி வாங்கி, 1995-ல பீச்–சேப்பாக்கம் ஓடி, 1997-ல மயிலாப்பூர் வந்தது பறக்கும் ரயில். 2004-ல திருவான்மியூர், 2007-ல வேளச்சேரி.

இது போற தடத்தை மேப்புல பாருங்க. பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாவும் மேலயுமா போகும். ஏன்? அகலப்பாதை, 25,000 வோல்ட், நீளமான வண்டி, அகலமான வளைவு. இதுக்கெல்லாம் மயிலாப்பூர்லயும் திருவல்லிக்கேணியிலயும் எங்க இடம் இருக்கு? கால்வாய் அரசாங்க நிலம், நேரா கிடக்குது, வீடு இடிக்கிற தலைவலி குறைவு. அதனால ஜனம் இருக்கிற இடத்துக்கு ரயில் போகாம, இடம் இருக்கிற இடத்துக்கு ரயில் போச்சு. ஜனம் ரயிலைத் தேடி நடக்க வேண்டியதாச்சு, நடந்து வந்து மாடி ஏறவும் வேண்டியதாச்சு. பிரம்மாண்டமா கட்டின ஸ்டேஷன்கள் பல வருஷம் காத்தாடினது ஊருக்கே தெரியும். கலங்கரை விளக்கத்துக்கும் திருமயிலைக்கும் நடுவுல முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷன் திறந்தது 2014-ல. மயிலாப்பூர் மாதிரி நெருக்கமான இடத்துல கூட நிறுத்தம் தள்ளித்தள்ளி இருந்ததுக்கு அதுவே சாட்சி.

வேளச்சேரியிலேர்ந்து பரங்கிமலைக்கு மிச்சம் இருந்தது 5 கிலோமீட்டர். நில வழக்குகளால அந்த அஞ்சு கிலோமீட்டர் பத்து வருஷத்துக்கும் மேல இழுத்துச்சு. ஹெவி ரயிலுக்கு தெருமுனையில திரும்பத் தெரியாதுங்கிறதுக்கு நாம கொடுத்த விலை இது.

நான் பறக்கும் ரயிலுக்கு எதிரி இல்லை. வேளச்சேரிக்காரருக்கு அது தர்ற வேகத்தை எந்த பஸ்ஸும் தராது. ஆனா மயிலாப்பூர்லேர்ந்து திருவல்லிக்கேணி போறவருக்கு அது பொருத்தமான வண்டி இல்லை. அந்த ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்தப் பார்த்ததுதான் சிக்கல்.

மெட்ரோ: மறுபடி மவுண்ட் ரோடு

2009-ல அனுமதி கிடைச்சப்ப முதல் கட்டத்துக்கு, சுமார் 45 கிலோமீட்டருக்கு, போட்ட மதிப்பு 14,600 கோடி ரூபாய். 2015 ஜூன் 29-ல கோயம்பேடு–ஆலந்தூர். 2019 பிப்ரவரி 10-ல டி.எம்.எஸ்.–வண்ணாரப்பேட்டை சுரங்கப்பாதை.

அந்த 2019-ஆம் வருஷத்தை கொஞ்சம் கவனிங்க. மவுண்ட் ரோட்டுல டிராம் நின்னது 1953. அதே மவுண்ட் ரோட்டோட இந்தப் பகுதிக்கு மறுபடி ரயில் வந்தது 66 வருஷம் கழிச்சு, பூமிக்கு அடியில. நடுவுல ரோட்டு மேல இருந்த இடம் வேற வண்டிக்குப் போயிட்டதால, நாம காசு கொடுத்து பூமிக்குள்ள புது இடம் தோண்டிக்கிட்டோம். மெட்ரோ டிராமை விட பல மடங்கு கூட்டத்தை, பல மடங்கு வேகத்துல தூக்கிட்டுப் போகும், அது உண்மை. ஆனா எல்.ஐ.சி.யில இறங்கி ரெண்டு தெரு தள்ளிப் போகணும்னா மேல வந்து ஆட்டோதான்.

மத்தவங்க என்ன பண்ணாங்க?

டிராமைத் தூக்கிப் போட்ட பல ஊர் திரும்ப அதையே தேடி வந்தது. பிரான்ஸ்ல நாந்த் 1985-ல. பாரிஸ்ல அத்தனை மெட்ரோ இருந்தும் 1992-ல புறநகர்ல டிராம். லண்டன்ல 2000-ல கிராய்டன் பக்கம். அமெரிக்காவுல சான் டியாகோ 1981-லயே ஒரு நல்ல வேலை பண்ணாங்க. ஊருக்கு வெளிய ஏற்கெனவே இருந்த சரக்கு ரயில் பாதையில வேகமா ஓடி வர்ற வண்டி, ஊருக்குள்ள வந்ததும் தெருவுல இறங்கி டிராமா போயிடும். ஜெர்மனியில கார்ல்ஸ்ரூஹே 1992-ல இன்னும் ஒரு படி மேல போய், மெயின் லைன்ல 15,000 வோல்ட், தெருவுல 750 வோல்ட்னு ரெண்டுலயும் ஓடுற வண்டியை விட்டாங்க. லைட்டும் ஹெவியும் ஜாதி மாதிரி பிறப்புலயே முடிவாகிற சமாச்சாரம் இல்லைன்னு காட்டின ஊர் அது.

இந்தப் பக்கம் கோலாலம்பூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்க எல்.ஆர்.டி. பேர்ல லைட்டு, ஆனா 1996-லேர்ந்தே தனிப்பாதையில போகுது, ஒரு லைன்ல டிரைவரே கிடையாது. ரோட்டுக்கு அது நிக்கிறதே இல்லை. என் சோதனைப்படி அது குட்டி மெட்ரோ. மணிலாவோட எல்.ஆர்.டி.யும் 1984-லேர்ந்து இதே கதைதான். பேரை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, கிராசிங்கைப் பாருங்க.

கடைசியா

"எது நல்லது, லைட்டா ஹெவியா?"ன்னு கேக்குறது "செருப்பு நல்லதா, சைக்கிள் நல்லதா?"ன்னு கேக்குற மாதிரி. தாம்பரத்துக்கு செருப்பு போட்டு நடக்க முடியாது. கோயில் வாசல் வரைக்கும் சைக்கிள்ல போனாலும் உள்ள நடக்கத்தான் வேணும். சென்னை 1953-ல செருப்பைத் தூக்கிப் போட்டுட்டு, அப்புறம் ஒண்ணுக்கு மேல ஒண்ணா பெரிய பெரிய சைக்கிளா வாங்கிட்டு இருக்கு. 2011-ல அறிவிச்ச மோனோ ரயிலையும் சேர்த்துக்கலாம், அது வாங்காமலே போன சைக்கிள். ஒவ்வொரு தடவையும் கேள்வி "எந்த ரயில்?"னுதான் வந்தது. "ரோட்டுல யாருக்கு எவ்வளவு இடம்?"ங்கிற கேள்வி வரவே இல்லை. அதைக் கேக்குறது கஷ்டம், பூமியைத் தோண்டுறது சுலபம்.

டிஸ்கி: ஒரு வேண்டுகோள். 1953-ல பத்து வயசா இருந்தவங்களுக்கு இப்ப எண்பதுக்கு மேல ஆகுது. டிராம்ல போன கடைசி தலைமுறை அவங்கதான். உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ அப்படி யாராவது இருந்தா, எங்க ஏறினாங்க, எங்க இறங்கினாங்க, டிக்கெட் எவ்வளவு, கண்டக்டர் எப்படி கத்துவார், மழையில என்ன ஆச்சுன்னு உட்கார்ந்து கேளுங்க. கேட்டதை உங்க பதிவுல போடுங்க, பின்னூட்டத்துல சுட்டி கொடுங்க. கம்பெனிக் கணக்குல வண்டி எத்தனைன்னு இருக்கும். ஜன்னலோரம் காத்து எப்படி வந்ததுன்னு இவங்க சொன்னாத்தான் உண்டு.